கூட உக்காருத வேலை

எட்டிப் பாத்துட்டேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. பஸ் ஸ்டாண்டுல ஏறினதுல இருந்து மடியில அப்ளிகேஷன் பாரத்தை வச்சுக்கிட்டு பேனா மூடியையே கடிச்சுக்கிட்டு இருக்கியளே, என்னமோ பிள்ளை கஷ்டப்படுதேன்னு பாத்தேன். ‘உங்கள் பலங்கள் மூன்றை எழுதுக.’ ஆமா, போட்டிருக்கான். வேலைக்குப் போறியளா? தென்காசியிலயா? சரி. எழுதுங்க. ஆனா யோசிச்சு எழுதுங்க. இந்த மாதிரி ஒரு கேள்வியாலதான் எனக்கு இந்த ஒரு வருஷமும் இப்படிப் போச்சு.

கால் நீட்டிக்கிடட்டுமா? வீங்கிப் போயி இருக்கு. காலையில ஆறு மணியில இருந்து நின்ன கால். நான் நர்ஸ் வேலை பாக்கேன். பாளையங்கோட்டையில, தனியார் ஆஸ்பத்திரி. இருபத்தாறு வருஷம். பேரு பாக்கியத்தாய், அங்க எல்லாரும் பாக்கியம் சிஸ்டர்னுதான் கூப்பிடுவாவ. தெனம் ஆலங்குளத்துல இருந்து போயிட்டுப் போயிட்டு வாரேன்.

என் பலம் என்னன்னு நீங்க அந்த ஆஸ்பத்திரியில யாரைக் கேட்டாலும் சொல்லிருவாவ. ஊசி. மருந்து ஊசி யாரு வேணாலும் போடலாம், அதைச் சொல்லல. டிரிப் ஏத்த, ரத்தம் ஏத்த, கையில நரம்பு பாத்து லைன் போடணும்லா, அது. வாந்தி பேதியில வத்திப் போயி வார ஆளுக்கு நரம்பே இருக்காது. பச்சைப் பிள்ளை கை கொழுகொழுன்னு இருக்கும், உள்ள என்ன இருக்குன்னு சாமிக்குத்தான் தெரியும். நாலு பேரு குத்திக் குத்திப் பாத்துட்டு, கடைசியில ‘பாக்கியம் சிஸ்டரைக் கூப்பிடு’ம்பாவ. நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் கையைக் கழுவிட்டுப் போவேன். ஒரே குத்து. ஏறிரும்.

எப்படின்னு கேப்பாவ. என்னத்தச் சொல்ல? விரல்ல இருக்கு. இந்த ரெண்டு விரலு, கட்டை விரலும் பக்கத்து விரலும். தொட்டா நரம்பு ‘இந்தா இருக்கேன்’னு சொல்லும். பிள்ளைங்க கையை வச்சிக்கிட்டு, நான் பாட்டுக்கு என்னத்தையாவது பேசிக்கிட்டு இருப்பேன். எங்க தெருவுல நடந்தது, பஸ்ல பாத்தது, எங்க வீட்டு ஆடு பக்கத்து வீட்டுக்காரி சீலையைத் தின்னது. அது வாய்ப் பழக்கம். எங்க வீட்டுக்காரரு முப்பது வருஷத்துல முந்நூறு வார்த்தை பேசியிருப்பாரு, அவரு பங்கையும் நான்தான் பேசணும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடையாது. வேலை விரலுக்குத்தான்.

போன வருஷம் சித்திரையில சென்னையில இருந்து ஒரு ஆளை வரவழைச்சாவ, எங்களுக்குப் பயிற்சி குடுக்கதுக்கு. சின்ன வயசு. கழுத்துல அட்டை. ‘உங்கள் பலத்தை அறிந்து அதை வேலையில் பயன்படுத்துவது எப்படி’ன்னு திரையில போட்டாரு. எனக்கு நல்ல தூக்கம். அப்புறம் எல்லாரு கையிலயும் சீட்டு குடுத்து, ‘உங்க கூட வேலை பாக்கவங்களோட பலம் என்னன்னு எழுதுங்க, எழுதுதவங்க பேரு போட வேண்டாம்’னாரு.

எனக்கு வந்தது பதினோரு சீட்டு. எனக்கென்ன, பிரிக்காமலே தெரியும்னு இருந்தேன். முதச் சீட்டைப் பிரிச்சா, ‘பேச்சு’. சரி, யாரோ விளையாட்டுக்கு எழுதியிருக்காவன்னு அடுத்ததைப் பிரிச்சேன். ‘நல்லாப் பேசுவாங்க.’ அடுத்தது, ‘சிஸ்டர் பேசினா நோயாளிக்குப் பயம் போயிரும்.’ பதினொன்னுல எட்டு இப்படியே. ஊசின்னு எழுதினது ரெண்டே ரெண்டு. ஒண்ணுல ‘நல்ல சாம்பார்’னு எழுதியிருந்துது, அது கேன்டீன்காரிக்கு எழுதினது மாறி வந்துருக்கும்.

எனக்கு எப்படி இருந்துருக்கும்? நீங்களே சொல்லுங்க. வாயாடின்னு எழுதத் தைரியமில்லாம சுத்தி வளைச்சு எழுதியிருக்காவ. எத்தனை பேருக்கு எத்தனை தடவை போயி லைன் போட்டுக் குடுத்துருப்பேன்! எந்திரிச்சு அந்த ஆள்கிட்டயே கேட்டேன். “தம்பி, எனக்கு ஊசி நல்லா வரும். அதைப் பலம்னு சொல்லுவியளா மாட்டியளா?”

அவரு சிரிச்சுக்கிட்டே சொல்லுதாரு, “அக்கா, ஊசி போடுறது நீங்க கத்துக்கிட்ட வேலை. அதை இன்னொருத்தருக்கும் கத்துக் குடுத்துரலாம். இந்த எட்டுச் சீட்டுல இருக்கது அப்படி இல்ல.”

எல்லாரும் கை தட்டுனாவ. எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. மத்தியானம் சாப்பாடு போட்டாவ, பிரியாணி. நான் தயிரை மட்டும் ஊத்திச் சாப்பிட்டுட்டு வந்துட்டேன்.

அது போகட்டும். அதுக்கப்புறம் ஐப்பசி வாக்குல, என் கையில ஒரு மதமதப்பு. காலையில எந்திரிச்சா விரல்ல எறும்பு ஊறுத மாதிரி இருக்கும். உதறுனா போயிரும். பொறவு உதறினாலும் போகல. ஒரு நாள் டீ டம்ளர் பிடிச்சிருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன், டம்ளர் தரையில கிடக்கு. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா என்ன மிச்சம் எனக்கு? பத்தாங் கிளாஸ்ல ரெண்டு தடவை எழுதிப் பாஸ் பண்ணினவ நான். கம்ப்யூட்டர் தெரியாது. இங்கிலீஷ் தெரியாது. விரலு ரெண்டும்தான்.

ஒரு குத்துல ஏறினது ரெண்டு குத்தாச்சு. ரெண்டு மூணாச்சு. ‘இந்த ஊசி கம்பெனி சரியில்ல’ன்னு சொல்லிப் பாத்தேன். ‘வெளிச்சம் பத்தல’ன்னு சொன்னேன். புது பல்பு வாங்கிப் போட்டுட்டாவ.

எங்கட்ட ஒரு பிள்ளை வருவா, இசக்கின்னு பேரு, ஏழு வயசு. முறப்பநாடு பக்கம். ஒடம்புல ரத்தம் தங்காத நோய், மாசம் ஒரு தடவை ரத்தம் ஏத்தணும். மூணு வயசுல இருந்து நான்தான் அவளுக்கு லைன் போடுதேன். வேற யாரும் தொட விட மாட்டா. அன்னைக்கு வந்து வழக்கம் போல கையை நீட்டிக்கிட்டு உக்காந்தா. முதக் குத்து தப்பிட்டு. ரெண்டாவது. மூணாவது. அவ அழலீங்க. அழுதாக்கூட எனக்குத் தாங்கிருக்கும். என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கா, ‘இவளுக்கு என்ன ஆச்சு’ன்னு. நாலாவது குத்துக்கு நான் ஊசியை எடுத்தப்போ அவ அம்மா கையை இழுத்துக்கிட்டா. “போதும் சிஸ்டர்.” அவ்வளவுதான் சொன்னா.

பக்கத்துல தில்ஷாத் நின்னா. மேலப்பாளையத்துப் பிள்ளை, வேலைக்கு வந்து ரெண்டு வருஷம் இருக்கும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை வராது. “அக்கா, நீங்க அவளைப் பிடிச்சுக்கிடுங்க, நான் பாக்கேன்”னா. நான் பிள்ளையை மடியில இழுத்துப் போட்டுக்கிட்டேன். எனக்கே கண்ணு நிறைஞ்சிட்டு, அதை மறைக்கணும்லா, அதனால என்னத்தையோ உளறிக்கிட்டே இருந்தேன். எங்க ஆட்டுக்குட்டி கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்ச கதை. இசக்கி ‘அப்புறம்’ங்கா. நான் சொல்லுதேன். ‘அப்புறம்’ங்கா. திரும்பிப் பாக்கேன், தில்ஷாத் டேப் ஒட்டிக்கிட்டு இருக்கா. ஏறிட்டு. ஒரே குத்து.

நான் போயி துணி வைக்கிற ரூமுல கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். விரலு போச்சு, நேத்து வந்த பிள்ளைக்கு விரலு வந்துட்டு.

மறுநாள் ரெஜினா மேடம் கூப்பிட்டாவ. அவியதான் நர்சுங்க எல்லாருக்கும் மேல. “கையைக் காட்டுங்க பாக்கியம்”னாவ. தில்ஷாத் சொல்லிட்டா. ஊமை மாதிரி இருக்கவ, சொல்லக் கூடாத இடத்துல போயிச் சொல்லியிருக்கா. டாக்டர் பாத்தாரு. மணிக்கட்டுல நரம்பு அமுங்கியிருக்கு, சின்ன ஆபரேஷன் பண்ணணும், அதுவரைக்கும் ஊசியைத் தொடக் கூடாதுன்னுட்டாரு.

“அப்போ நான் என்ன செய்ய மேடம்?”

“பிள்ளைங்க வார்டுல இருங்க. லைன் தில்ஷாத் போடட்டும். நீங்க கூட உக்காருங்க.”

“கூட உக்காந்து?”

“வழக்கமா என்ன செய்வீங்களோ அதைச் செய்யுங்க. பேசுங்க.”

கேட்டியளா? இருபத்தாறு வருஷம் கழிச்சு, ஒரு முக்காலியைக் காட்டி, இதுல உக்காந்து பேசிக்கிட்டு இருன்னா என்ன அர்த்தம்? வயசான காலத்துல வேண்டாத மாமியாரை வாசல்ல உக்கார வைப்பாவள்லா, அந்த அர்த்தம். அவிய நல்லவியதான், மேடத்தைக் குறை சொல்லல. என்னை வெளிய அனுப்ப மனசில்லாம ஒரு வேலையை உண்டாக்கிக் குடுத்தாவ. பயிற்சியில எழுதின அந்த எட்டுச் சீட்டு முடிஞ்ச பொறவு அவிய மேசையிலதான கெடந்துது.

உக்காந்தேன். தெனம் பத்துப் பதினஞ்சு பிள்ளை. பேசினேன். வேற என்ன செய்ய?

ஒரு நாள் எனக்கு வீம்பு வந்துட்டு. காலையில வார்டுக்குள்ள நுழையும்போது ரெண்டு சின்னப் பிள்ளைங்க, புது நர்சுங்க, “பேசுத அக்கா வந்துட்டாவ”ன்னு சொல்லிச் சிரிக்குதுங்க. பேசுத அக்கா! சரி, இன்னைக்கு இந்த வாயைத் திறந்தா என் பேரு பாக்கியத்தாய் இல்லன்னு முடிவு பண்ணிட்டேன். எட்டு மணியில இருந்து பன்னெண்டு மணி வரைக்கும் முக்காலியில பிள்ளையாரு மாதிரி உக்காந்துருக்கேன். தில்ஷாத் என்னைப் பாக்கா. நான் ஜன்னலைப் பாக்கேன்.

அன்னைக்குன்னு பாத்து தில்ஷாத்துக்குக் கை சரியில்ல. முதப் பிள்ளைக்கு மூணு குத்து. அடுத்த பிள்ளை முறுக்கிக்கிட்டு எகிறி அவ மூக்கு மேலயே ஒரு உதை. மூணாவது பையனைப் பிடிக்க நாலு பேரு, வார்டே அலறுது, பக்கத்து வார்டுல இருந்து என்னமோ ஏதோன்னு வந்து எட்டிப் பாக்காவ. தில்ஷாத்துக்கு நெத்தியெல்லாம் வேர்வை. எனக்கும் பாவமாத்தான் இருந்துது. ஆனா ஒண்ணு நினைச்சேன், விரலுன்னா சும்மாவா, எல்லா நாளும் எல்லாருக்கும் அமையுமா?

மறுநாள் எனக்கே வாயைக் கட்டிக்கிட்டு இருக்க முடியல. மனுசி எத்தனை நாளைக்கு ஜன்னலைப் பாப்பா? பழையபடி பேச ஆரம்பிச்சேன். தில்ஷாத்துக்கும் கை சரியாயிட்டு. அன்னைக்குப் பன்னெண்டு பேரு, பன்னெண்டும் ஒரே குத்து. இளவயசுல்லா, ஒரு நாள் ஓய்ஞ்சா மறுநாள் சரியாயிரும். நமக்குத்தான் ஆபரேஷன் வரைக்கும் போகுது.

தை மாசம் ஆபரேஷன் ஆச்சு. கட்டுப் போட்டு வீட்டுல கெடந்தேன். மூணாம் நாளு காலையில பத்து மணி இருக்கும், போன் அடிக்குது. தில்ஷாத். அவ போன்ல பேசி நான் கேட்டதே இல்ல.

“அக்கா, இசக்கி வந்துருக்கா. ஒரு மணி நேரமா கட்டிலுக்கு அடியில போயி உக்காந்துக்கிட்டு வர மாட்டேங்கா. ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு அக்கா. உதடு வெளுத்துப் போச்சு. பிடிச்சு இழுத்தா மூச்சு வாங்குது. டாக்டரு பயப்படுதாரு. போனை அவட்ட குடுக்கட்டுமா?”

“குடுத்து?”

“என்னத்தையாவது பேசுங்க அக்கா. நீங்க பேசுங்க, போதும்.”

நான் கட்டில்ல எந்திரிச்சு உக்காந்தேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேக்குது. சின்ன மூச்சு, வேகமா. என்ன பேச? ‘இசக்கி’ன்னேன். ‘ஏட்டி, என் கையிலயும் ஊசி போட்டுட்டாவட்டி’ன்னேன். மூச்சுக்கு நடுவுல, “எந்தக் கையி?”ன்னு கேட்டா. “வலது கை. கத்தி வச்சு வேற அறுத்துட்டாவ. இப்போ சோறு திங்க முடியல, எங்க வீட்டுக்காரரு ஊட்டி விடுதாரு. அந்த மனுசன் ஊட்டி விடுத லெச்சணத்தைக் கேளு, ஒரு வாய் எனக்கு, ஒரு வாய் தாடைக்கு.” சிரிச்சா. இருமலோட ஒரு சிரிப்பு. அப்படியே போச்சு. அவ கேக்கா, நான் சொல்லுதேன். எங்க வீட்டுக்காரரு சட்டியைக் கருக்கினது, கருகின வாடைக்குத் தெருவே கூடினது, எல்லாம். எவ்வளவு நேரம்னு தெரியல. என் தொண்டை வத்திப் போச்சு. வாசல்ல எங்க வீட்டுக்காரரு சொம்புல தண்ணியோட நிக்காரு. உள்ள வராம அங்கனயே நிக்காரு.

பொறவு தில்ஷாத் குரலு. “அக்கா. ஏறிட்டு.”

“எந்தக் கையில போட்ட?”ன்னு கேட்டேன். “இடது”ன்னா. பாத்தியளா? இசக்கிக்கு இடது கையிலதான் நரம்பு நல்லா இருக்கும்னு நான் எத்தனையோ தடவை சொல்லி வச்சிருந்தேன். அது உதவிட்டு. இல்லன்னா அன்னைக்கு அந்தப் பிள்ளை நிலைமை என்னாயிருக்கும்!

இசக்கி அம்மா மறு மாசம் வந்து என் கட்டுப் போடாத கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. “நீங்க இல்லன்னா என் பிள்ளை இல்ல”ங்கா. நான் சொன்னேன், “ஊசி போட்டது தில்ஷாத்தும்மா, அவகிட்டப் போயிச் சொல்லு.” நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா.

பங்குனியில கட்டெல்லாம் பிரிச்சு, கையும் சரியாச்சு. மதமதப்பு போச்சு. வீட்டுல ராத்திரி சாப்பிட்டதும் எங்க வீட்டுக்காரரு கையைப் பிடிச்சு நரம்பு தொட்டுத் தொட்டுப் பாத்தேன். பழையபடி சொல்லுது, ‘இந்தா இருக்கேன், இந்தா இருக்கேன்’னு. எனக்கு அழுகையா வந்துது. அவரு கையை இழுக்காம வச்சுக்கிட்டு இருந்தாரு.

ரெஜினா மேடத்துக்கிட்டப் போயி நின்னேன். “மேடம், கை வந்துட்டு. என்னைப் பெரியவங்க வார்டுல போட்டுருங்க. பழைய வேலை பாக்கேன்.”

“உங்க இஷ்டம் பாக்கியம். இந்த வாரம் முழுக்க யோசிங்க. திங்கக்கிழமை சொல்லுங்க, மாத்திருதேன்”னாவ. இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆனா அவிய பெரியவிய, யோசின்னா யோசிக்கணும்.

அது போன வாரம். சனிக்கிழமை நான் கேன்டீன்ல இருந்து வாரேன். பிள்ளைங்க வார்டு கதவு பாதி திறந்து கெடக்கு. உள்ள யாரோ பேசுத சத்தம். யாருடா இது புதுக் குரலுன்னு நின்னு கேட்டா, தில்ஷாத்! ஒரு நாலு வயசுப் பையன் கையைப் பிடிச்சுக்கிட்டு அந்த ஊமைப் பிள்ளை கதை சொல்லுதா. குரலு காத்து மாதிரி இருக்கு. அதுவும் என் கதை. எங்க ஊரு தண்ணி டேங்க்ல மாரியப்பன் அண்ணாச்சி பொண்டாட்டிகிட்டக் கோவிச்சுக்கிட்டு ஏறின கதை. நான் எப்போ அந்தக் கதையைச் சொன்னேனோ, இவ எப்படி மனசுல வச்சிருந்தாளோ.

ஆனா என்ன சொல்லுதா தெரியுமா? “மாரியப்பன் அண்ணாச்சி டேங்க் மேல ஏறிட்டாங்க. ரொம்ப உயரம். கீழ எல்லாரும் பாத்தாங்க.” அவ்வளவுதான். நிப்பாட்டிட்டா. பையன் அவ மூஞ்சியைப் பாக்கான். “அப்புறம்?”ங்கான். அவளுக்கு அப்புறம் தெரியல. “அப்புறம்... அவ்வளவுதான்”ங்கா. பையனுக்கு உதடு பிதுங்குது. கை முறுக்குது. ஊசி அவ கையில நிக்குது.

நீங்களே சொல்லுங்க. ஒரு மனுசனை அவ்வளவு உயரத்துல ஏத்திட்டு அப்படியே விட்டுட்டா எப்படி? அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? அவரு பொண்டாட்டி சட்டியில மீன் குழம்போட கீழ வந்து நின்னு, மேல பாத்து மூடியைத் திறந்து திறந்து காட்டினது எங்க? பாதி ஏணியில வேட்டி மாட்டிக்கிட்டது எங்க? எனக்குப் பொறுக்கல. உள்ள போனேன். முக்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, “தம்பி, இந்த அக்காவுக்குப் பாதிதான் தெரியும், இங்க பாரு”ன்னு ஆரம்பிச்சேன்.

மாரியப்பன் அண்ணாச்சியை ஒவ்வொரு படியா இறக்கினேன். அவரு கடைசிப் படிக்கு வரும்போது நான் பையன் கையைப் பாத்தேன், டேப் ஒட்டியாச்சு. தில்ஷாத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு சிரிக்கா. பையன், “குழம்பு ஆறிப் போச்சா?”ன்னு கேக்கான்.

அந்த லைனை நானே போட்டிருப்பேன் பாத்துக்கிடுங்க. கை நல்லாத்தான் இருக்கு. நேத்து திங்கக்கிழமை. மேடம் கேட்டாவ, “என்ன பாக்கியம், மாத்திரட்டுமா?”ன்னு. நான் சொன்னேன், “இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் மேடம். அந்தப் பிள்ளைக்கு ஊசி வருது, கதையை முடிக்கத் தெரியல.”